கடல் சாமந்தி வாங்கப் போற மகராசனுக்கு

ஏப்பு, கண்ணாடித் தொட்டிக்குத் தண்ணி ஊத்தி ஒரு வாரம்கூட ஆகலையாம், அதுக்குள்ள கடல் சாமந்தி வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறியாம். நில்லு, நல்லா நில்லு. மண்டபத்துல மீன்குஞ்சு பொரிக்கிற எடத்துல தொட்டி கழுவியே தலை நரைச்சவன் சொல்றேன்: அதைச் சீக்கிரமா மேலோகம் அனுப்புறதுக்கு உன்னைவிடத் தகுதியான ஆளு சென்னையிலேயே கெடையாது.

மொதல்ல தண்ணி. குழாயைத் தொறந்து புடி, சமையக்கட்டு உப்பை அள்ளிப் போடு, நாக்குல வச்சுப் பாரு. கரிச்சாக் கடலுதானே? உனக்குக் கடலு, அதுக்குக் கருமாதி. கால்சியம், மக்னீசியம்னு கடல்ல இன்னும் எத்தனையோ கெடக்கு. ஆர்ஓ தண்ணியில, மீன்தொட்டிக்குன்னே விக்கிற கடலுப்பைக் கரைச்சு, அடர்த்தி 1.025க்கு வந்து நிக்கணும். சூடு 25, 26 டிகிரி. உங்க ஊரு சித்திரை வெயிலுக்குச் சில்லர் வேணும்; அதோட வெலையைக் கேட்டுட்டு எனக்கு போன் போடு, ரெண்டு பேரும் சேந்து அழுவோம். ஆவியாப் போறது தண்ணி மட்டும்தான், உப்பு தங்கிரும். கொறையிற அளவுக்கு நல்ல தண்ணியத்தான் ஊத்தணும்.

“தண்ணி தெளிஞ்சிருச்சு தாத்தா”ங்கிற. அம்மோனியாவுக்கு நெறமா இருக்கு, உன் கண்ணுக்குத் தெரிய? அதைத் தின்னு நைட்ரைட் ஆக்க ஒரு கூட்டம், நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்க இன்னொரு கூட்டம்னு நுண்ணுயிருக கல்லுலயும் மணல்லயும் குடியேறணும். அதுக்கே நாலு, ஆறு வாரமாகும். அப்பவும் மீனுக்குத்தான் சரி. சாமந்திக்கு ஆறு மாசமாச்சும் தொட்டி பழகணும். அதுக்கு முன்னாடி வாங்குறது, கூரை போடாத வீட்டுக்குப் பொண்ணழைக்கிற கதைதான்.

வெளிச்சத்துக்கு ஹால்ல எரியிற டியூப் லைட்டு போதும்னியாமே. சாமந்தி ஒடம்புக்குள்ள பாசி குடியிருக்கு; பாசி வெயில்ல சமைச்சுத்தான் அது சாப்புடுது. வெளிச்சம் கொறைஞ்சா, சூடு ஏறுனா பாசி வெளியேறிரும், சாமந்தி வெளுத்துரும். அப்படிப் பட்டினியில வெளுத்ததை ‘ரேர் பீஸ்’னு கூட ஐந்நூறு கேக்குற கடைக்காரரும் உண்டு. கொடுத்துட்டு வா, அவருக்கும் புள்ளகுட்டி இருக்கு. இல்லாட்டி, வாய் மூடியிருக்கா, அடிக்கால் கிழியாம இருக்கான்னு பாத்து, பபிள் டிப் வகையா வாங்கு. கார்ப்பெட் வகை கை பழகுனவுகளுக்கு.

வச்ச எடத்துல இருக்கும்னு நெனைக்காத. புடிக்காட்டி அடிக்காலால நகந்து ராத்திரியோட அங்கிட்டுப் போயி, வேவ் மேக்கர்ல சிக்கிக் கூழாயிரும். ஒண்ணு செத்து அழுகுனாத் தொட்டி மொத்தமும் காலி. பம்பு வாய்க்கு மொதல்லயே வலை கட்டு. மீனுக்குன்னு செம்பு கலந்த மருந்தையும் தொட்டியில ஊத்திராத, சாமந்திக்கு அது விஷம்.

நீமோ மீனுக்கு வீடு வேணும்னு அழுகுறியே, மண்டபத்துல நாங்க பாத்த நீமோவெல்லாம் ஓட்டுத் துண்டுல முட்டை வச்சுக் குடும்பம் நடத்துச்சு. சாமந்தி கேட்டு ஒண்ணும் மனு கொடுக்கலை.

அப்புறம், “பாம்பன் பக்கம் ரெண்டு பவளக்கல்லு அள்ளியாங்க தாத்தா”ன்னியே, அருமை. வனவிலங்குச் சட்டத்துல புலி இருக்குற மொத அட்டவணையிலதான் 2001லருந்து பவளமும் இருக்கு. எனக்கு ஜெயில் சோறு போடணும்னு ஆசைன்னா நேராச் சொல்லு.

கடைசியா, சாமந்தியைக் காப்பாத்துனவுக கதை ஒண்ணு கேளு. ஸ்காட்லாந்துல ஜான் டேலியல்னு ஒருத்தரு 1828ல ஒரு சாமந்தியைப் புடிச்சு ஜாடியில போட்டாரு. அவரு 1851லயே போய்ச் சேந்தாரு. கை மாறிக் கை மாறி அது 1887 வரைக்கும் இருந்துச்சு. ‘பாட்டி’ன்னே பேரு வச்சாக. அது குளிர்க்கடல் சாமந்தி, நம்ம வகை வேற. ஆனா வேவ் மேக்கரும் எல்ஈடியும் இல்லாத காலத்துல அவுக விடாமச் செஞ்சது ஒண்ணு உண்டு, கடல்தண்ணியை மாத்திக்கிட்டே இருந்தது.

சாமந்தி வாங்குறதுக்கு முன்னாடி அந்த ஆறு மாசமும் நீயும் அதைச் செய்யி. வீட்டுக்கு வர்றவுக “என்ன தம்பி, வெறுந்தண்ணியவா வளக்குற?”ன்னு கேப்பாக. ஆமான்னு சொல்லு. தொட்டி வாங்குனதுலருந்து நீ சொல்ற மொத உண்மை அதுவாத்தான் இருக்கும்.