மலை ஏறுவோம், வாங்க!

ஊட்டிக்குப் போய் ஏரியில் படகு விட்டோம், தொட்டபெட்டா பார்த்தோம். "முக்குருத்தி போகலையா?" என்கிறார் நண்பர். அது மலையா, ஏரியா?
*– வாசகர், எஸ்.வி.நகரம்*

இரண்டும்தான்! 2,554 மீட்டர் உயரச் சிகரம், பைக்காரா மின் திட்டத்துக்காகத் தேக்கிய ஏரி, இவற்றைச் சுற்றி 78.46 சதுர கிலோமீட்டர் தேசியப் பூங்கா. 1990-லிருந்து அந்தத் தகுதி. சரிவெல்லாம் புல்வெளி, மடிப்புக்கு மடிப்பு சோலைக்காடு. அந்தப் புல்வெளி மழையைக் குடித்து வைத்துக்கொண்டு கோடையில் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. பைக்காராவும் பவானியும் கோடையில் ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம். இறந்தவர் ஆவி இந்தச் சிகரத்தின் வழியாகத்தான் மறுஉலகம் போகிறது என்பது தோடர்களின் நம்பிக்கை. நம் மாநில விலங்கான வரையாட்டை இங்கே செங்குத்துப் பாறையில் பார்க்கலாம். ஒரு குளம்பு வைக்க இடம் கிடைத்தால் போதும், நிதானமாக நின்று மேயும். 2025 கணக்கெடுப்பில் தமிழ்நாடு முழுக்கவே 1,303தான். அதனால் வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போக முடியாது. அப்படித்தான் இருக்கவும் வேண்டும்.

அனுமதி, கட்டணம், வழிகாட்டி... நம்ம ஊர் மலையில் நடக்க இத்தனை கெடுபிடியா?
*– கல்லூரி மாணவர், சேவூர்*

தம்பி, 2018 மார்ச் 11-ஐ மறக்க வேண்டாம். தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத் தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். பலர் உங்களைப் போல இளவயதினர். மாசி, பங்குனியில் புல் சருகாகிக் கிடக்கும். சரிவில் தீ மேல்நோக்கித்தான் பாயும், மனிதக் கால் அதை முந்த முடியாது. அந்த ஆண்டே அரசு மலையேற்ற விதிகள் கொண்டுவந்தது. 2024-ல் 40 பாதைகளைத் திறந்து, இணையத்தில் பதிவு செய்யும் வசதியும் செய்தார்கள். தீ அபாயக் காலத்தில் மூடிவிடுகிறார்கள். வழிகாட்டிகளில் பலர் அந்தந்த மலையின் பழங்குடியினர். காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்று அவர்களுக்குத் தெரியும், நம் செல்போனுக்குத் தெரியாது.

வயது 52. நாள் முழுக்கத் தறிக்குழியில் கால் தொங்க உட்கார்ந்திருப்பவன். என்னால் ஏற முடியுமா?
*– நெசவாளர், ஆரணி*

அண்ணே, பட்டுப் புடவைக்காக மிதியை இத்தனை வருஷம் மிதித்த கால் அது, ஏறும்! ஏற்றத்துக்கு மூச்சு வேண்டும், இறக்கத்துக்கு முட்டி வேண்டும். முட்டியில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். கையில் மூங்கில் கோல் வைத்துக்கொள்ளுங்கள். இறங்கும்போது சின்ன அடியாக, கொஞ்சம் பக்கவாட்டில் பாதம் வையுங்கள். முதலில் தேவிகாபுரம் கனககிரி. அது பழகிய பிறகு பருவதமலை. அங்கே கடப்பாரைப் படியும் சங்கிலியும் உண்டு, ஆகவே அவசரம் வேண்டாம். முட்டி வலி ஏற்கெனவே இருந்தால் டாக்டரிடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

சாப்பாட்டுக்கு என்ன எடுத்துப் போகலாம்?
*– இல்லத்தரசி, முள்ளிப்பட்டு*

புளிசாதம், நிறையத் தண்ணீர். காலி பாட்டில் உங்களோடு வீட்டுக்கே வர வேண்டும்.

காலையில் போய் இரவு திரும்பும்படி, ஏரியும் மலையும் சேர்ந்த இடம் ஆரணிக்குப் பக்கத்தில் உண்டா?
*– ஆசிரியை, ஆரணி*

உண்டு, ஜவ்வாது மலை. போளூர் வழியாக ஜமுனாமரத்தூர் போய்விட்டால் கோலப்பன் ஏரி, பீமன் நீர்வீழ்ச்சி எல்லாம் அங்கேதான். மலையின் இன்னொரு பக்கம் காவலூர் வான் ஆய்வகம். யுரேனஸ் கிரகத்துக்கு வளையங்கள் உண்டு என்று 1977-ல் தெரியவந்ததே, அதைப் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று. மாணவர்களை அவசியம் கூட்டிப்போங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் கமண்டல நாகநதி பிறப்பது இந்த மலையில்தான். படவேடு பக்கம் செண்பகத்தோப்பு அணையைத் தாண்டித்தான் ஆரணிக்கு வருகிறது. சந்தன மரத்துக்குப் பேர் போன மலை, வெட்டி வெட்டியே அந்த மரம் அரிதாகிவிட்டது. மேலே காடு குறையக் குறையக் கீழே நம் ஆற்றில் மணல்தான் மிஞ்சும். பட்டுக்குச் சாயம் போடத் தண்ணீர் தேடும் ஊர்க்காரர்கள் ஒருமுறையாவது அந்தக் காட்டுக்குள் நடந்து பார்க்க வேண்டும்.

தை மாதம் போங்கள். திரும்பும்போது மலைவாழ் மக்களிடம் சாமையும் தேனும் வாங்குங்கள். கைவேலைக்குப் பேரம் பேசினால் எப்படி வலிக்கும் என்பது ஆரணிக்காரர்களுக்குத் தெரியும். சொன்ன விலையைக் கொடுங்கள்.