நஷ்டம் எழுதும் பங்காளி

மனத்தை அடக்கி ஆனந்தம் அடைவதற்கு ஏகாந்தமே உசிதமான சாதனம் என்று பெரியோர் பலர் சொல்லியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவராவது சாகாமக் குளத்தின் கீழுள்ள வயல்வட்டையில், பெரும்போகக் கதிர் முற்றிய காலத்தில், யானைக் காவலுக்காக வாடியில் இராத்தங்கியவராக இருக்க முடியாது என்பது என் திடமான அபிப்பிராயம். ஏகாந்தம் கிடைத்ததும் மனம் செய்கிற முதற்காரியம், உரக்கடைக் கடனையும், நெல்லுக்கு வராத விலையையும், என்றோ ஒரு கல்யாண வீட்டிலே சம்பந்தி சொல்லிப்போன சுடுசொல்லையும் ஒவ்வொன்றாக அழைத்துவந்து பாய் விரித்து உட்கார வைப்பதுதான்.

1095-இல், பக்தாதின் நிஸாமிய்யாக் கலாசாலையிலே பாடஞ் சொல்லிக்கொண்டிருந்த இமாம் கஸ்ஸாலிக்கே நா எழாமல், உண்டது செரியாமற் போக, நோய் இருதயத்தில் இறங்கிவிட்டதென்று வைத்தியர்கள் கைவிரித்ததாக அவரே எழுதி வைத்திருப்பது எம்மனோர்க்கு எவ்வளவு பெரிய ஆறுதல்! பின்னாளில் அவர் 'இஹ்யா உலூமித்தீன்' என்ற பெருநூலிலே சொன்ன உபாயமோ கல்முனைக் கடைத்தெருவுக்கென்றே செய்தது போன்றது: மனத்தைக் கூட்டு வியாபாரத்துப் பங்காளியாகப் பாவித்து, காலையில் உடன்படிக்கை பேசி, பகலெல்லாம் கண் வைத்திருந்து, இரவில் கணக்குக் கேட்கவேண்டும், மோசம் கண்டால் தண்டிக்கவும் வேண்டும். பங்குக்குக் கடை நடத்தி முறிந்தவர்கள் நிறைந்த எங்கள் பக்கத்திலே இதற்கு வியாக்கியானம் அநாவசியம்.

ஆயினும் இந்தப் பங்காளியின் களவு விசித்திரமானது. மற்றவன் இலாபத்தைத் தன் மடியிலே கட்டிக்கொள்வான். இவனோ இலாபத்தை ஏட்டிலேயே ஏற்றாமல், வராத நஷ்டங்களையெல்லாம் முன்கூட்டியே பற்றெழுதி வைக்கிறான். வாடியிலே நான் கணக்குக் கேட்ட இரவில், இனிப் பெய்யப்போகும் மழையிலே சாயப்போகும் கதிர் முதற்கொண்டு யாவும் ஏட்டில் இருந்தன. உம்மா வாழையிலையில் கட்டித்தந்த சோறும், அதை அவிழ்த்தபோது அரிக்கன் லாம்பு வெளிச்சத்திலே ஆவியோடு எழுந்த கருவாட்டு மணமும் மட்டும் ஏறவில்லை.

பக்கத்து வாடியிலே தஸ்பீஹ் உருட்டிக்கொண்டிருந்த முதியவரிடம் இவ்வழக்கைக் கொண்டுபோனேன்.

"காக்கா, மனசுல வஸ்வாஸ் வந்து கண்டதையும் நினைச்சா என்ன செய்வீங்க?"

"வெடி ரெண்டுதான் மிச்சம் தம்பி, அது யானைக்கு."

"அப்ப மனசுக்கு?"

மணியை உருட்டிய விரல் நின்றது.

"முப்பத்திமூணுல எத்தினையில நிண்டன்? ஒண்ட கணக்கால என்ட கணக்கும் போச்சி!"