குளிரு தாங்கும் மாப்ளே, கூடம் தாங்குமா?

வா மாப்ளே, உக்காரு. அந்த மூட்டை மேல உக்காராத, அது பூண்டு. காந்தளூர் வட்டவடைப் பூண்டுக்கு 2022-ல புவிசார் குறியீடு குடுத்துட்டாங்க. அதுல இருந்து இந்த ஊருல உன்னைவிட அதுக்குத்தான் மரியாதை. இந்தப் பலகையில உக்காரு.

கேள்விப்பட்டேன். கூடத்துல கண்ணாடித் தொட்டி வச்சு, மீசை வச்ச பெரிய கெளுத்தி வளக்கப் போறியாமே. நல்ல யோசனை. உனக்குத்தான் மீசை சரியா முளைக்கல, வீட்டுல இன்னொருத்தனுக்காவது இருக்கட்டும்.

போன மார்கழிக் கூத்து ஞாபகம் இருக்கா? ஒரு கடையில 'ஷார்க்கு'ன்னு சொல்லிப் பையில போட்டுக் குடுத்தாங்க. விரல் நீளம், வெள்ளி நிறம், முதுகுல கொடி மாதிரி ஒரு துடுப்பு. சுறாவை வாங்கிட்டு வந்துட்டேன்னு ஜீப்புல வந்தவங்களுக்கெல்லாம் காட்டுனே. அது சுறாவும் இல்ல, திமிங்கலமும் இல்ல. மீகாங் ஆத்துக் கெளுத்தி. ஓட்டல்ல முள்ளெடுத்து 'பாசா'ன்னு வறுத்து வைக்கிறானே, அதேதான். சூடான தண்ணியில பொறந்து வளந்தது. அதைக் கொண்டாந்து வட்டவடையில, அதுவும் மார்கழியில விட்டே. ராத்திரி கரண்டு போச்சு, ஹீட்டர் அணைஞ்சுச்சு. எங்க ஆத்தா, அதான் உன் அம்மாச்சி, எந்திரிச்சுப் போயித் தொட்டிக்குக் கம்பளி போத்திவிட்டுச்சு. தண்ணிக்குக் கம்பளி போத்துன குடும்பம் கிளாவரையில இருந்து கோவிலூரு வரைக்கும் நம்ம குடும்பம் ஒண்ணுதான். விடிஞ்சு பாத்தா, மீனு மணல்ல ஒருக்களிச்சுக் கிடக்கு. செவுளு மட்டும் எப்பவாச்சும் ஒரு தடவை தூக்குது. கண்ணு நம்மளையே பாக்குது. நீ அன்னிக்குக் கஞ்சி குடிக்கல, எனக்குத் தெரியும்.

அதனால இப்போ புத்தி வந்து, 'குளிரு தாங்குற கெளுத்தி'ன்னு தேடுற. இருக்கு, இல்லைங்கல. என் பேத்தி ஃபோனுல படிச்சுக் காட்டுனா. வட அமெரிக்காவுல சேனல் கெளுத்தின்னு ஒண்ணு. கனடாவுல ரெட் ரிவருன்னு ஒரு ஆறு, மழைகாலம் வெயில்காலம் போக மிச்ச நாளெல்லாம் மேல ஐஸுக் கட்டி, கீழ இவரு. நாலு ஜோடி மீசை. செதிலு கிடையாது. உடம்பு தோலெல்லாம் ருசி பாக்குமாம். தலையில இருந்து வாலு வரைக்கும் நாக்கு. உன் சித்தப்பன் மாதிரின்னு வச்சுக்க. ஐரோப்பாவுல வெல்ஸுன்னு இன்னொண்ணு. இத்தாலி போ ஆத்துல 2023-ல ஒருத்தன் தூண்டில்ல பிடிச்சது 2.85 மீட்டர். நம்ம வீட்டு நிலைவாசலு எவ்வளவு ஒசரம்? குனிஞ்சு வர்றோம்ல?

வெல்ஸு வேணாம்னு சொல்ற. சரி. பிரான்சுல ஆல்பின்னு ஒரு ஊருல அது கரையேறிப் புறாப் பிடிக்குது தெரியுமா? தண்ணி குடிக்க வர்ற புறாவை, மணல் வரைக்கும் பாஞ்சு வந்து கவ்விக்கிட்டுத் திரும்புது. ஆராய்ச்சிக்காரங்களே உக்காந்து பாத்து எழுதியிருக்காங்க. நம்ம வீட்டுல ஆறு கோழி இருக்கு, யோசிச்சுக்க.

அப்போ சேனல் கெளுத்தியே இருக்கட்டும். அதுல பெரிய சாதனை மீனு 1964-ல அமெரிக்காவுல பிடிச்சது, 26 கிலோ. அவ்வளவு வேணாம், பாதி வளந்தாலும் மூணடி வரும். நீ ஆறடி நீளம், ரெண்டடி அகலம், ரெண்டடி ஒசரத்துல தொட்டி பேசி வச்சிருக்க. அதுல தண்ணி மட்டும் 680 லிட்டர். லிட்டருக்கு ஒரு கிலோ. கண்ணாடி, ஸ்டாண்டு, மணல், கல்லு தனி. பதிமூணு பூண்டு மூட்டையை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி, அதைக் கூடத்துல பலகைத் தளத்து மேல வைக்கப் போற. தளத்துக்குக் கீழ எங்க ஐயா போட்ட உத்தரம். அவரு இதை நெனைச்சுப் போடல.

இன்னொண்ணு. மூணடி மீனு ரெண்டடி அகலத்துல எப்படித் திரும்பும்? கோவிலூரு பஸ்ஸு முக்குல திரும்புறப்ப கண்டக்டர் எறங்கி 'வரட்டும், வரட்டும், ரைட்டு'ங்கிறாரு. இந்த மீனுக்கு யாரு ரைட்டு சொல்லுவா? நீ வேலைக்குப் போயிட்டா உங்க அம்மாதான் சொல்லணும்.

தீனி விஷயம் கேளு. தண்ணி பத்து டிகிரிக்குக் கீழ போனா அது சரியாத் திங்காது. பட்டினி கிடக்குதேன்னு பாசத்துல நீ போட்டுக்கிட்டே இருப்ப. போட்டது அடியில அழுகும். ஃபில்டருல இருக்குற நுண்ணுயிருதான் அம்மோனியாவைத் தின்னு தண்ணியைக் காப்பாத்தணும், அதுவும் குளிருல தூங்கிப் போயிரும். குளுந்த தண்ணியில காத்து அதிகம் தங்கும்ங்கிற லாபம் ஒண்ணுதான் உனக்கு. கூட வேற மீனு விடலாமான்னு கேக்காத. அதோட வாயில நுழையறது எல்லாம் அதுக்குத் தீனிதான். பதினஞ்சு வருசத்துக்கு மேல உசுரோட இருக்கும். நீ பொண்ணு கட்டி, பிள்ளை பெத்து, அந்தப் பிள்ளை ஏழாங் கிளாசுக்குப் போறப்பவும் தொட்டிக்குள்ள இவரு மீசையை ஆட்டிக்கிட்டு இருப்பாரு.

அதுக்கு முன்னாடியே உனக்கு அலுத்துப் போகும், அதுதான் எனக்குத் தெரிஞ்ச சங்கதி. அலுத்ததும் என்ன செய்வ? கொல்ல மனசு வராது. நல்ல பையன். ராத்திரி பக்கெட்டுல போட்டு ஓடையில விட்டுட்டு வந்து, 'போய்ப் பொழைச்சுக்கட்டும்'ம்ப.

பொழைச்சுக்குமே! அதான்டா வம்பு. உன் பாசா செத்தது உனக்குத் துக்கம், ஓடைக்குச் சோறு, அதோட கதை முடிஞ்சுச்சு. இவரு சாக மாட்டாரு. ஐஸும் தாங்குவாரு, முப்பது டிகிரி தண்ணியில இன்னும் கொழுப்பாரு. நம்ம ஓடைத் தண்ணி எங்க போகுது? பாம்பாத்துக்கு. பாம்பாறு அமராவதி அணைக்கு. அமராவதி கரூரு பக்கம் காவிரிக்கு. காவிரி நடுவர் மன்றம் 2007-ல கேரளாவுக்கு 30 டி.எம்.சி. ஒதுக்குச்சு, அதுல பாம்பாத்துக்கு 3. தண்ணிக்குத்தான் அளவு போட்டாங்க. மீனுக்கு யாரும் போடல. அமராவதியில முதலை இருக்கே, அது தின்னுரும்னு சொல்லாத. முதலை உன் வீட்டு வேலைக்காரனா?

நான் கிழவன் பயமுறுத்துறேன்னு நெனைக்காத. ஸ்பெயின்ல எப்ரோ ஆத்துல 1974-ல கொஞ்சம் வெல்ஸுக் குஞ்சைக் கொண்டாந்து விட்டாங்க. இன்னிக்கு அதைப் பிடிக்கவே வெளிநாட்டுல இருந்து ஆளு வருது. ஆனா ஆத்துல முன்ன இருந்த மீனுக்கு யாரும் வரல. இங்கயே பாரு. ராஜமலை ஓடையில வெள்ளைக்காரன் ட்ரவுட்டை விட்டான், பொழுதுபோகத் தூண்டில் போட. அவன் கப்பலேறிட்டான். மீனு ஏறல. 2018 வெள்ளத்துல சாலக்குடி ஆத்துல அராபைமா கெடைச்சுது, அமேசான் மீனு. யாரோ ஒரு ஆசைக்காரன் தொட்டியில, குளத்துல வச்சிருந்ததுதான். ஆப்பிரிக்கன் முஷின்னு மலையாளத்துல சொல்ற கெளுத்திக்கு 2000-லயே தடை. இன்னிக்கும் சந்தையில மறைச்சு விக்கிறான்.

இவ்வளவு சொல்லியும் தொட்டி வேணும்னா வச்சுக்க, மாமன் தடுக்கல. ரெண்டு கோல்டு ஃபிஷ் போடு, குளிரு தாங்கும், ஹீட்டர் வேணாம். அதுக்கும் ஓடையைக் காட்டாத. இல்ல, கெளுத்தியேதான் வேணும்னா வீட்டுக்குள்ள வேணாம், கேரட்டுத் தோட்டத்துக்குப் பின்னாடி சிமெண்டுத் தொட்டி கட்டு, ஆயிரக்கணக்குல லிட்டர் பிடிக்கிற மாதிரி. கட்டுனதும் என்கிட்ட வந்து கடன் கேக்காத.

கூடத்துலதான்னு ஒத்தக்கால்ல நின்னா, முதல்ல உங்க அம்மாகிட்டக் கேளு. எங்க அக்கா அவ, எனக்குத் தெரியும். மூணடி கெளுத்தின்னு சொன்னதும் கோவிச்சுக்க மாட்டா. எத்தனை கிலோ வரும்னு கேப்பா. அப்போ அவ அருவாமணை முன்னாடி உக்காந்து பூண்டு உரிச்சுக்கிட்டு இருந்தான்னு வையி, பதில் சொல்லாம எந்திரிச்சு வந்துரு.