கம்பத்துக்குக் கணக்கு உண்டு

நம் மின்வாரியத்தின் திறமையைப் பார்க்க வேண்டுமானால் புயல் அடித்த மறுநாள் பார்க்க வேண்டும். எத்தனை கம்பம் சாய்ந்தது, எத்தனை டிரான்ஸ்பார்மர் கவிழ்ந்தது, எத்தனை கிலோமீட்டர் கம்பி அறுந்தது என்று பட்டியல் கையில் வந்துவிடும். 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவைப் புரட்டிப் போட்டபோது 1 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பங்களை எண்ணிச் சொன்னார்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறி, நகர மனமில்லாமல் அங்கேயே நின்று, மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியபோதும் எண்ணினார்கள். விழுந்த கம்பங்களைத் திரும்ப நட்டவர்களில் எத்தனை பேர் உங்கள் ஆட்கள் என்று கேட்டால் மட்டும் வாரியத்துக்கு எண் மறந்துவிடுகிறது.

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோட்டக்குப்பம் தாண்டினால் பெரிய முதலியார்சாவடி. அங்கிருந்து வடக்கே மரக்காணம் உப்பளம் வரைக்கும் மின்சாரத்துக்கு முதல் எதிரி உப்பு. கடற்காற்று கொண்டுவரும் உப்பு, பீங்கான் இன்சுலேட்டர் மேல் மாவு போலப் படியும். காய்ந்திருக்கும்வரை சும்மா கிடக்கும். மார்கழிப் பனி இறங்கி நனைந்ததும் மின்சாரம் அதன் வழியே நடக்கத் தொடங்கும். ராத்திரியில் பொறி பறக்கும். காலையில் ‘இன்சுலேட்டர் பஞ்சர்’ என்பார்கள். கனமழை பெய்தால் உப்பைக் கழுவி நல்லது செய்யும். தூறல் கெடுதல்தான் செய்யும். அலுமினியக் கம்பிக்கு நடுவே ஓடும் எஃகு, வெளியே தெரியாமல் உள்ளேயே துருப்பிடிக்கும். சிமெண்ட் கம்பத்துக்குள் இருக்கும் இரும்பு துருவேறி வீங்கினால் காரை பெயர்ந்து விழும். எந்தக் கம்பம் ஏணியைத் தாங்கும், எது சாய்த்து வைத்ததுமே ஒடியும் என்பதை அடிப்பகுதியைத் தட்டிப் பார்த்துச் சொல்லத் தெரிந்த ஆள் இல்லாவிட்டால் இந்தக் கரையில் விளக்கு எரியாது.

உப்பாவது கண்ணுக்குத் தெரியும். இந்தச் சாலையில் உள்ள ரிசார்ட்டுகளின் ஜெனரேட்டர் தெரியாது. கரண்ட் போன மறுநிமிடம் சாலையோரமெங்கும் ஜெனரேட்டர் உறுமத் தொடங்கும். மாற்று சுவிட்சை ஒழுங்காகப் போடாத ஒரே ஒரு கட்டடம் போதும். அணைத்து வைத்த லைனில் மின்சாரம் தலைகீழாக ஏறி, டிரான்ஸ்பார்மர் வழியாக 11,000 வோல்ட்டாகப் பெருகி, கம்பத்தின் உச்சியில் இருப்பவரின் விரலுக்கு வந்து சேரும். தொழிலில் இதை ‘ரிட்டர்ன்’ என்பார்கள். ஆகவே ஏபி சுவிட்சைத் திறந்து, வேலைக்கான அனுமதியாகிய லைன் கிளியர் வாங்கி, எர்த் ராடு மாட்டிய பிறகே கம்பியில் கைவைக்க வேண்டும் என்பது விதி. அருமையான விதி. ராடு போதாமலும் கையுறை கிழிந்தும் இருக்கிற இடத்தில், கீழே நின்று “அண்ணே, கொஞ்சம் சீக்கிரம் போட்டு விடுங்கண்ணே, உள்ளே கெஸ்ட் இருக்காங்க” என்று குரல் கேட்கும்போது, அந்த விதி புத்தகத்தில் பத்திரமாக இருக்கும்.

இப்படிப்பட்ட இடத்தில் உயிரோடு வீடு திரும்புகிறவரின் அறிவுக்கு அனுபவம் என்று பெயர். தமிழ்நாட்டில் அனுபவம் என்பது நிர்வாகத்துக்கு ஆபத்தான பொருள். 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று 1981இல் ஒரு சட்டம் செய்துவிட்டோம். சட்டத்துக்கு அஞ்சுகிற நிர்வாகம் என்ன செய்யும்? நாளை எண்ணுவதை நிறுத்திவிடும். வேலை கான்ட்ராக்டர் பெயரில், பில் கான்ட்ராக்டர் பெயரில். கம்பத்தில் தொங்குகிற ஆளுக்கு மட்டும் பெயர் கிடையாது. பத்து வருஷம் ஏறினாலும் அவருக்கு அது எப்போதும் முதல் நாள்தான். இதனால்தான் முன்பு நீதிபதி காலித் தலைமையில் ஒரு கமிஷனே வைத்து, வாரியத்தில் வேலை செய்கிறவர்கள் வாரியத்தில்தான் வேலை செய்கிறார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அவர்களில் பல ஆயிரம் பேர் நிரந்தரமானார்கள். அந்தத் தவறு மறுபடி நடந்துவிடாமல் பார்த்துக்கொள்வதில் பின்னாளில் வந்த ஆட்சிகள் கட்சி வேறுபாடு பாராமல் ஒன்றுபட்டிருக்கின்றன. ஒப்பந்தத் தொழிலாளிக்கு நாள் ஒன்றுக்கு 380 ரூபாய் கூலி என்று 2018இல் தொழிற்சங்கங்களோடு பேசி ஒப்புக்கொண்டார்கள். அதைக் கொடுக்கச் சொல்லித் தனியாகப் போராட வேண்டியிருந்தது.

ஆள் எடுக்கவே இல்லை என்று சொன்னால் பாவம். கேங்மேன் பதவிக்கு 2019இல் அறிவிப்பு வந்தது. ஐந்தாம் வகுப்புத் தேறினால் போதும். குழி தோண்ட, கம்பம் நட, கம்பி இழுக்க. 2021 பிப்ரவரியில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள். மின்பழுது பார்ப்பது கேங்மேன் வேலை அல்ல என்று காகிதம் தெளிவாகச் சொல்கிறது. லைன்மேன் இடம் காலியாக இருக்கும் பிரிவில் மழைநாள் இரவில் காகிதத்தையா மேலே ஏற்ற முடியும்? கேங்மேனை ஏற்றினார்கள். சிலர் இறங்கவில்லை. விசாரணையின்போது காகிதம் மறுபடி வெளியே வரும்: இவர் வேலை இதுவல்லவே, ஏன் ஏறினார்?

2020இல் இன்னொரு அறிவிப்பு: கள உதவியாளர் 2,900 பேர். ஐடிஐ முடித்த பையன்கள் கடன் வாங்கிக் கட்டணம் கட்டினார்கள். 2022இல் அந்த அறிவிப்பை ரத்து செய்து, கட்டணத்தைத் திருப்பித் தருவதாக அரசு பெருந்தன்மையோடு சொன்னது. அந்த இரண்டு வருஷ வயதைத் திருப்பித் தரச் சட்டத்தில் இடமில்லை. 2025இல் 1,794 பேருக்குத் தேர்வாணையம் மறுபடி அறிவித்தது. எழுத்துத் தேர்வு உண்டு, உடல்தகுதித் தேர்வு உண்டு, வயது வரம்பு உண்டு. பஞ்சரான இன்சுலேட்டரை இருட்டில் சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்கிறவருக்கு வினாத்தாளில் கட்டம் கிடையாது. காலியிடம் ஐம்பதாயிரத்துக்கும் மேல் என்று சங்கங்கள் வருஷக்கணக்காகக் கத்துகின்றன. அந்த எண்ணிக்கையில் நாற்காலி உடைந்திருந்தால் என்றைக்கோ டெண்டர் விட்டிருப்பார்கள்.

அமெரிக்காவில் லைன்மேன் தொழில் இதைவிட மோசமாகத்தான் தொடங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே லைன்மேன்களில் பாதிப் பேர் வேலையிலேயே செத்தார்கள் என்பார்கள். 1891இல் செயின்ட் லூயிஸ் நகரில் அவர்கள் ஒரு சங்கம் கட்டினார்கள். அதன் முதல் தலைவர் ஹென்றி மில்லர் 1896இல் கம்பத்தில் ஷாக் அடித்து விழுந்து இறந்தார். தலைவர் பதவியில் இருந்தவர் கம்பம் ஏறியவர் என்பதை நம்மூர்த் தலைவர்கள் ஒருமுறை நிறுத்திப் படிக்கலாம். இன்று அங்கே இந்தத் தொழிலுக்குச் சில ஆண்டுப் பயிற்சி, மணிக்கணக்காகப் பதிவு, பிறகு பட்டம். 2023இல் சராசரி லைன்மேனின் ஆண்டு வருமானம் சுமார் 85,000 டாலர். அங்கே எண்ணி வைத்த மணிகள் சம்பளமாகின்றன. இங்கே எண்ணாமல் விட்ட நாட்கள் வாரியத்துக்கு மிச்சமாகின்றன.

பக்கத்திலேயே புதுச்சேரி. அதே புயல், அதே உப்பு. ஃபெஞ்சல் நிவாரணம் மட்டும் எல்லைக்கு இந்தப் பக்கம் குடும்ப அட்டைக்கு 2,000 ரூபாய், அந்தப் பக்கம் 5,000. அங்கே மின்துறை அரசுத் துறையாகவே இருந்ததால் ஆள் இருந்தார்கள், பதவி இருந்தது. அதைக் கண்டு பொறுக்காமல் 2022இல் துறையையே தனியாருக்கு விற்க டெண்டர் போட்டார்கள். ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள், ஊர் இருண்டது. மின்தடைக்குத் தீர்வாக வந்து இறங்கியது துணை ராணுவம். பியூஸ் போடத் தெரிந்த ஜவான் எத்தனை பேர் வந்தார்கள் என்று யாரும் அறிவிக்கவில்லை.

டெல்லி இவர்களை மறந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. 2021 முதல் மார்ச் 4ஆம் தேதி ‘லைன்மேன் திவஸ்’. மேடை உண்டு, சால்வை உண்டு, கைதட்டல் உண்டு. சால்வைக்கு ஷாக்கைத் தடுக்கும் குணம் கிடையாது என்பது ஒரு சின்னக் குறை.

இவ்வளவையும் பார்த்தபின் வாரியத்துக்குச் சொல்ல ஒரு யோசனை தோன்றுகிறது. ஒப்பந்தத் தொழிலாளியை நிரந்தர ஊழியர் என்று பதிய முடியவில்லையா? சரி. ஊழியர் பதிவேட்டை மூடிவிட்டு ஸ்டோர் பதிவேட்டைத் திறங்கள். கிராஸ் ஆர்ம், பின் இன்சுலேட்டர், பியூஸ் கேரியர் வரிசையில் அவரையும் ஓர் உருப்படியாக எழுதுங்கள். கம்பத்துக்குக் கிடைக்கிற மரியாதை உடனே அவருக்கும் கிடைக்கும். புயலில் சேதமானால் எண்ணிக்கையில் வருவார். உடைந்தால் ஏன் உடைந்தது என்று தணிக்கை கேட்கும். காணாமல் போனால் பொறுப்பானவர் சம்பளத்தில் பிடிப்பார்கள். மாற்று உருப்படிக்கு இண்டென்ட் போட்டால் எப்படியும் ஒரு வருஷத்துக்குள் வந்துவிடும்; ஆள் தேர்வை விட அது வேகம். பட்ஜெட்டில் தேய்மானம் காட்டலாம், மத்திய அரசிடம் நிவாரண நிதி கேட்கும் மனுவில் சேர்க்கலாம். சட்டச் சிக்கல் எதுவும் இல்லை, 480 நாள் சட்டம் இன்சுலேட்டருக்குப் பொருந்தாது.

நடைமுறையில் ஒரே ஒரு தடங்கல் இருக்கிறது. ஸ்டோரிலிருந்து ஓர் உருப்படியை வேலைக்கு எடுத்துப் போகிற அதிகாரி, ‘பெற்றுக்கொண்டேன்’ என்று கையெழுத்துப் போட வேண்டும்.