தென்னை சாய்ந்தால் மனம் சாயாதா?

கே: வெயில், மழை, புயல் எல்லாம் உடம்பையும் வீட்டையும்தானே பாதிக்கும்? மனதுக்கும் பருவநிலைக்கும் என்ன சம்பந்தம்?
– கோவை வாசகர்

ப: மனம் உடம்புக்கு வெளியிலா குடியிருக்கிறது? ராத்திரி முழுக்கப் புழுக்கத்தில் புரண்டு படுத்தவரிடம் காலையில் பத்து நிமிடம் பேசிப் பாருங்கள், தெரிந்துவிடும். பருவநிலை மாற்றம் மனநலத்தைக் கெடுக்கிறது என்பதை ஐ.நா.வின் பருவநிலை அறிவியல் குழுவே 2022 அறிக்கையில் மிக உறுதியாகச் சொல்லிவிட்டது.

கே: கஜா புயல் வந்து இத்தனை வருடமாகியும் காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் அம்மா எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். விடியும்வரை தூங்குவதில்லை. "ஏம்மா இப்படிப் பயந்து சாகுறே" என்று அண்ணன் திட்டுகிறான். யார் சரி?
– பேராவூரணி வாசகி

ப: அம்மாதான். 2018 நவம்பர் 16 அதிகாலையில் அவர் கேட்ட காற்று, சாதாரணக் காற்று இல்லை. அந்தச் சத்தத்தையும் ஆபத்தையும் அவருடைய மூளை அன்றே ஒன்றாக முடிச்சுப் போட்டுவிட்டது. பேரிடரில் சிக்கிய பெரும்பாலோருக்கு இந்தப் பதற்றம் சில வாரங்களில் தானாகத் தணியும். சிலருக்குத் தணியாது. அதற்கு மருத்துவம் இருக்கிறது, குணமும் தெரிகிறது. மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு ஒருமுறை அழைத்துப் போங்கள். அதுவரை அண்ணனுக்கு ஒரு வேலை. காற்று அடிக்கும் ராத்திரியில் "பயப்படாதே" என்று சொல்லாமல், "நானும் முழிச்சிருக்கேம்மா" என்று பக்கத்தில் உட்காரட்டும். பத்திரம், மாத்திரை, டார்ச் மூன்றையும் ஒரு பையில் போட்டு அம்மா கையிலேயே கொடுத்து வையுங்கள். தயாராக இருக்கிறோம் என்ற நினைப்பு பயத்தைப் பாதியாக்கும்.

கே: புயலுக்குப் பிறகு எங்கள் ஊரில் கவுன்சலிங் முகாம் நடத்தினார்கள். குழுக் கடன் தவணைக்கு ஆள் வந்து திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது கவுன்சலிங் எதற்கு?
– வேதாரண்யம் பக்கத்துக் குத்தகை விவசாயி

ப: உங்கள் கோபத்தில் முழு நியாயம் இருக்கிறது. அதற்கு ஆராய்ச்சியும் துணை நிற்கிறது. டாமா கார்ல்டன் என்ற பொருளியல் ஆய்வாளர் 1967 முதல் 2013 வரையிலான இந்தியப் புள்ளிவிவரங்களை அலசி, 2017இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். வெப்பம் 20 டிகிரியைத் தாண்டியபின் ஒரே ஒரு நாள் ஒரு டிகிரி கூடினால்கூட, நாடு முழுவதும் கூடுதலாகச் சுமார் 70 பேர் உயிரை மாய்த்துக்கொள்கிறார்கள் என்று அதில் கணக்கிட்டார். முப்பது ஆண்டுகளில் வெப்ப உயர்வால் போன உயிர்கள் 59,300 என்பது அவர் மதிப்பீடு. இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. இந்த விளைவு பயிர் நிற்கும் பருவத்தில் மட்டுமே தெரிகிறது. வயல் காலியாகக் கிடக்கும் மாதங்களில் அதே வெயில் அடித்தும் எண்ணிக்கை கூடவில்லை. அப்படியானால் வெயில் முதலில் பொசுக்குவது பயிரை. அந்தப் பயிர் வழியாகத்தான் மனதுக்கு வருகிறது.

புயலில் சாய்ந்த மரத்துக்குப் பதிலாக நடும் நெட்டைத் தென்னங்கன்று காய்க்க ஆறேழு வருடம் ஆகும். வட்டி ஆறேழு நாள்கூடக் காத்திருக்காது. இந்த இடைவெளியில்தான் மனிதர் ஒடிகிறார். ஆகவே தவணையைத் தள்ளிவைப்பதும், வட்டியை நிறுத்துவதும், நிலம் யார் பெயரில் இருந்தாலும் உழுதவர் கையில் நிவாரணம் சேர்வதும் மனநல சிகிச்சைதான். நான் இதைப் பேச்சுக்காகச் சொல்லவில்லை. இந்தோனேசியாவில் ஏழைக் குடும்பங்களுக்கு அரசு நேரடியாகப் பணம் கொடுத்த திட்டம் தற்கொலைகளை 18 சதவீதம் குறைத்ததாக 2019இல் வெளியான ஆய்வு காட்டியது. விளைச்சல் பொய்த்ததால் வந்த அடியையும் அந்தப் பணம் தாங்கிப் பிடித்தது.

ஆனாலும் கவுன்சலிங்கை வேண்டாம் என்று தள்ளாதீர்கள். கடன் தீரும் நாள்வரை ஆள் உயிரோடு இருக்க வேண்டுமே.

கே: ஏசி வாங்கினால் எல்லாம் சரியாகிவிடாதா?
– சென்னை வாசகர்

ப: வாங்க முடிந்தவருக்குக் கொஞ்சம். உப்பளத்தில் உப்பு வாருபவருக்கும் சாரத்தில் நிற்பவருக்கும் எங்கே மாட்டுவது?

கே: தம்பி மனநலப் பிரச்சினைக்காக லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறான். கோடையில் ஏதாவது கவனிக்க வேண்டுமா?
– வேலூர் வாசகி

ப: கட்டாயம். வீட்டில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய பதில் இது. வியர்த்து உடம்பில் நீர் வற்றினால் ரத்தத்தில் லித்தியத்தின் அளவு ஏறி நஞ்சாகலாம். கை அதிகமாக நடுங்குகிறது, பேச்சு குழறுகிறது, நடை தள்ளாடுகிறது, வாந்தியும் வயிற்றுப்போக்கும் வருகிறது என்றால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். தண்ணீர் குறையக் கூடாது. உப்பைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. மெடிக்கலில் நாமாகக் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகளில் சில லித்தியத்தை ஏற்றிவிடும். டாக்டரிடம் கேட்காமல் வேண்டாம். அதற்காக லித்தியத்தை நீங்களாக நிறுத்திவிடவும் கூடாது. மனச்சிதைவுக்குத் தரும் மருந்துகள் சிலவும் உடம்பு தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் வேலையைக் கெடுக்கும். 2021இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் அடித்த வெப்ப அலையில் 619 பேர் இறந்தார்கள். மக்கள் தொகையில் மனச்சிதைவு உள்ளவர்கள் ஏறத்தாழ ஒரு சதவீதம். இறந்தவர்களிலோ எட்டு சதவீதம். பலர் தனியாக இருந்தவர்கள். உங்கள் தெருவில் அப்படி ஒருவர் இருந்தால், ஏப்ரல், மே மாதங்களில் தினம் ஒருமுறை கதவைத் தட்டுங்கள்.

கே: எனக்கு வயது 19. பருவநிலை மாறிப்போகும் வருங்காலத்தை நினைத்தாலே பயம். வீட்டில் சொன்னால் "படிக்கிற வேலையைப் பாரு" என்கிறார்கள். எனக்கு மனநோயா?
– மதுரை மாணவி

ப: இல்லைம்மா. வீடு புகைவதைப் பார்த்துப் பதறுபவர் நோயாளி இல்லை. இந்தியா உட்படப் பத்து நாடுகளில் 16 முதல் 25 வயதுள்ள பத்தாயிரம் பேரிடம் கேட்டு 2021இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. 59 சதவீதம் பேர் பருவநிலை மாற்றம் பற்றி மிகுந்த கவலையோடு இருந்தார்கள். அரசுகள் தங்களைக் கைவிட்டதாக நினைப்பவர்களுக்கு வேதனை இன்னும் அதிகமாக இருந்தது. கவலையைத் தனியாகச் சுமக்காதே. ஊர்க் கண்மாயைக் காக்கும் குழு இருந்தால் சேர், இல்லையென்றால் நாலு தோழிகளோடு தொடங்கு. தூக்கமும் படிப்பும் தொடர்ந்து கெட்டால் மட்டும் மருத்துவரைப் பார்.

கே: வெள்ள முகாமில் தொண்டு செய்யப் போகிறேன். பாதிக்கப்பட்டவர்களிடம் என்ன பேசுவது?
– திருநெல்வேலி வாசகர்

ப: முதலில் காதைக் கொடுங்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படிப்பட்ட நாளைக் கடந்து வந்தவரிடம் "என்ன நடந்தது, சொல்லுங்க" என்று தோண்டாதீர்கள். விரும்பாதவரைக் கட்டாயப்படுத்திப் பேசவைப்பது நல்லது செய்யாது என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. "உயிராவது மிஞ்சியதே" என்பதும் வேண்டாம். போன ஆட்டின் கணக்கு அவருக்குத்தான் தெரியும். உலர்ந்த துணி, நாப்கின், போனுக்குச் சார்ஜ், காணாமல் போன உறவினர் பற்றிய தகவல், பெண்கள் கழிப்பறைக்கு உள்தாழ்ப்பாள். இவற்றை முதலில் செய்யுங்கள்.

கே: அரசாங்கங்கள் இதையெல்லாம் யோசிக்கின்றனவா?
– தஞ்சாவூர் வாசகர்

ப: போதாது. 2021இல் உலக சுகாதார நிறுவனம் 95 நாடுகளை விசாரித்தபோது, பருவநிலைக்கான சுகாதாரத் திட்டத்தில் மனநலத்தைச் சேர்த்திருந்தவை 9 மட்டுமே. உங்கள் கலெக்டரிடம் மனு கொடுக்கும்போது இரண்டே கேள்வி கேளுங்கள்: பேரிடர் முகாமுக்கு மனநல மருத்துவர் எத்தனையாவது நாள் வருவார்? வழக்கமான மனநல மாத்திரைகள் அங்கே இருப்பில் இருக்குமா?

கே: 14416க்குப் போன் செய்தால் என்னைப் பைத்தியம் என்று நினைப்பார்களா?
– பெயர் வேண்டாம்

ப: மாட்டார்கள். அது மத்திய அரசு 2022இல் தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவி எண். கட்டணம் கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். என்ன சொல்வதென்று தெரியவில்லையென்றால் "தூக்கம் வரலை" என்று ஆரம்பியுங்கள். மீதியை அவர்கள் கேட்டுக்கொள்வார்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்திருந்தால், இந்தப் பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டு இப்போதே கூப்பிடுங்கள்.