வீடு தேடும் எய்ம்ஸுக்கு, வீடு தேடும் டீச்சர் எழுதிக்கொண்டது

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற ஆசிரியை,
(முகவரி, வீடு கிடைத்ததும் தெரிவிக்கப்படும்),
மதுரை.

பெறுநர்:
உயர்திரு எய்ம்ஸ் அவர்கள்,
சுற்றுச்சுவருக்கு உள்ளே, தோப்பூர், மதுரை.
(அங்கே ஆள் இல்லையென்றால்: மே/பா ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி.)

நாள்: 2025, ஆடி மாதம்.

பொருள்: வாடகை வீடு – மூட்டுவாதம் – தங்கள் வருகை – விளக்கம் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. 28.02.2015 அன்று நாடாளுமன்றத்தில் வாசிக்கப்பட்ட நிதிநிலை அறிக்கை. 2. 27.01.2019 அன்று நாட்டப்பட்ட அடிக்கல். 3. வீட்டு புரோக்கர் வாய்மொழியாகச் சொன்னது.

ஐயா அல்லது அம்மா (இதுவரை யாரும் நேரில் பார்த்ததில்லை என்பதால் எது சரி என்று தெரியவில்லை),

நான் புதுக்கோட்டைக்காரி. உங்களுக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ, ஒரு காலத்தில் நீங்கள் எங்கள் ஊருக்கு வருவதாகப் பேச்சு இருந்தது. அன்றைய நிதி அமைச்சர் அருண் ஜேட்லி 2015 பட்ஜெட்டில் தமிழ்நாட்டுக்கு ஓர் எய்ம்ஸ் என்று அறிவித்த பிறகு செங்கல்பட்டு, புதுக்கோட்டை, தஞ்சாவூர் பக்கம் செங்கிப்பட்டி, ஈரோடு பக்கம் பெருந்துறை, மதுரை பக்கம் தோப்பூர் என்று ஐந்து இடங்களில் உங்களுக்குப் பெண் பார்த்தார்கள். மூன்று வருடம் பார்த்து 2018 ஜூனில் தோப்பூரை முடிவு செய்தார்கள். எங்கள் ஊரில் கொஞ்சம் வருத்தம்தான். அதற்குள் 2017இலேயே எங்களுக்கு ஓர் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டதால் பெரிதாக அழவில்லை. அது சாதாரணக் கல்லூரி, உங்களைப் போல அந்தஸ்தானது இல்லை. அதனால்தானோ என்னவோ சொன்னபடி திறந்து நோயாளிகளைப் பார்க்க ஆரம்பித்துவிட்டது.

பணி ஓய்வுக்குப் பிறகு எனக்கு முடக்குவாதம் என்று கண்டுபிடித்தார்கள். காலையில் எழுந்தால் விரல்கள் மடங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் போடும் மாத்திரை, ஈரல் தாங்குகிறதா என்று பார்க்க அவ்வப்போது ரத்தப் பரிசோதனை. மருத்துவரும் மதுரையில், மகளும் மதுரையில். எனவே நானும் கணவரும் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டோம். இப்போதைக்கு மகளுடைய மாடி போர்ஷனில் ஒண்டியிருக்கிறோம். ராமநாதபுரத்தில் உங்கள் நிலைமையும் இதுதான் என்று கேள்விப்பட்டபோது உங்கள்மேல் ஒரு பாசம் வந்தது. 2022 ஏப்ரலில் தங்கள் முதல் 50 மாணவர்கள் அங்கேதான் வகுப்பு தொடங்கினார்கள். அந்தக் கல்லூரியே அதே வருடம் ஜனவரியில் திறந்த புதுவீடு. பால் காய்ச்சிய சூடு ஆறுவதற்குள் விருந்தாளி வந்து தங்கிவிட்டால் வீட்டுக்காரர் மனசு எப்படி இருக்கும் என்று என் மருமகனைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.

நாம் இருவரும் மதுரையில் புதுக்குடித்தனம் தேடுகிறவர்கள் என்பதால் அனுபவத்தைப் பகிர்ந்துகொள்கிறேன்.

எனக்கு வேண்டியதெல்லாம் தரைத்தளம், மேலைநாட்டுக் கழிப்பறை, திருகாமல் தட்டினாலே திறக்கும் குழாய். இந்த மூன்றும் ஒரே வீட்டில் கிடைப்பது அரிது. மதுரையில் வீட்டுக்காரர் கீழே இருப்பார், வாடகைக்காரர் மேலே இருப்பார். மேலே போக வெளிப்புறமாக ஒரு படிக்கட்டு வைத்திருப்பார்கள். சில இடங்களில் அது இரும்பு ஏணியின் ஒன்றுவிட்ட தம்பி. பழங்காநத்தத்தில் ஓரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “அக்கா, மெதுவா ஏறுங்க, மேல போயிட்டா காத்து பிச்சுக்கும்” என்றார். மேலே போனால் காற்று வருமா, இல்லை நானே போய்விடுவேனா என்று கேட்க நினைத்துக் கேட்கவில்லை.

அடுத்தது கேள்விகள். எங்கிட்டுருந்து வர்றீங்க, எத்தன பேரு, கவிச்சி சமைப்பீங்களா, விருந்தாளி அடிக்கடி வருவாங்களா. இதையெல்லாம் சுற்றி வந்து கடைசியில் குரலைத் தாழ்த்தி, “நீங்க என்ன ஆளுக?” முப்பது வருடம் வகுப்பில் சமூக அறிவியல் நடத்தியவள் நான். அரசியலமைப்பின் 15ஆம் பிரிவைக் கரும்பலகையில் எழுதிய அதே கை இப்போது ஒரு கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது. பதில் சொல்லாமல் நகர்ந்தேன். அந்த வீட்டில் குழாய் நல்ல குழாய், அது வேறு விஷயம்.

இதையும் தாண்டினால் உடம்பு. கையைப் பார்த்துவிட்டு, “இது ஒட்டுமாக்கா?” என்று கேட்டவர் உண்டு. ஒட்டாது என்றேன். இன்னொருவர் கண்ணியமானவர், நேரடியாகக் கேட்கவில்லை. “வயசானவங்க... நாளப்பின்ன ஒண்ணு ஆச்சுன்னா...” என்று இழுத்தார். வாடகை வீட்டில் சாவு விழக் கூடாது, அடுத்த ஆள் குடிவர மாட்டான். சாவு என்னுடையது, கவலை அவருடையது. ஒப்பந்தத்தில் அதையும் ஒரு நிபந்தனையாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், என்னால் முடிந்தவரை கடைப்பிடிக்கிறேன் என்று கணவர் சொன்னார். வீடு கிடைக்கவில்லை.

வாடகைக்குப் பதிலாக ஒத்திக்குப் போகலாமே என்றார்கள். உங்களுக்கு இந்த ஊர் வழக்கம் புதிதாக இருக்கும், சொல்கிறேன். மொத்தமாகச் சில லட்சங்களைக் கொடுத்துவிட்டால் மாத வாடகை கிடையாது, காலி செய்யும்போது பணம் திரும்ப வரும். வருமா என்பது வீட்டுக்காரருடைய அடுத்த ஒத்திக்காரர் கையில் இருக்கிறது. ஓய்வூதியப் பணத்தை அப்படி வைக்க எனக்குத் துணிவில்லை. உங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. கடன் கொடுக்க ஜப்பான் இருக்கிறது. 2018 டிசம்பரில் மத்திய அமைச்சரவை உங்களுக்கு ஒப்புதல் தந்த மதிப்பீடு 1,264 கோடி ரூபாய். 2021 மார்ச்சில் ஜப்பான் பன்னாட்டுக் கூட்டுறவு முகமையுடன் கடன் ஒப்பந்தம் முடிந்தபோது மொத்தச் செலவு 1,977 கோடியைத் தாண்டிவிட்டது. அதில் 1,600 கோடிக்கு மேல் கடன். ஒரு செங்கல்கூட வைக்காமல் 700 கோடி ஏற்றிக் காட்டும் கொத்தனாரை நான் எங்கேயும் பார்த்ததில்லை.

தாமதத்துக்குக் கொரோனா, கடன் நடைமுறை என்று காரணம் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் உங்கள் உடன்பிறப்புகளைப் பாருங்கள். 2015இல் ஒரே மூச்சில் உங்களோடு பெயர் வாசிக்கப்பட்டவை ஜம்மு காஷ்மீர், பஞ்சாப், இமாச்சலம், அசாம். இமாச்சலத்துப் பிலாஸ்பூர் 2022 அக்டோபரில் திறந்தது. அசாமில் குவஹாத்தி 2023 ஏப்ரலில். ஜம்முவின் விஜய்பூருக்கு அடிக்கல் வைத்தது உங்களுக்கு ஒரு வாரம் கழித்து, 2019 பிப்ரவரி 3. அதே பிரதமர், அதே கொரோனா. 2024 பிப்ரவரியில் அங்கே ரிப்பன் வெட்டியாகிவிட்டது. அந்தப் பிள்ளைகளுக்கு டெல்லி தன் பையிலிருந்து பணம் எடுத்துக் கொடுத்தது, உங்களை மட்டும் ஜப்பான்காரரிடம் அனுப்பி வைத்தது. ஜப்பான் பணத்தையும் குறை சொல்ல மாட்டேன். அதே முகமையின் கடனில் கோரிப்பாளையம் பக்கம் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு கோபுரக் கட்டடம் எழுந்து 2024இல் திறந்தும்விட்டது. பணத்துக்கு மதுரை வழி தெரிகிறது. தோப்பூர் வழிதான் தெரியவில்லை.

ஆடியில் யாராவது வீடு மாறுவார்களா என்று எங்களைத் திட்டினார்கள். “ஆவணி பொறக்கட்டும் டீச்சர், சாவிய நானே கொண்டாந்து தர்றேன்” என்கிறார் புரோக்கர் தம்பி. நல்ல மாதம் பார்த்தால் எல்லாம் நடக்கும் என்கிற நம்பிக்கை எனக்கு உங்களால்தான் போனது. உங்களுக்கு அடிக்கல் வைத்தது தை மாதம், ஞாயிற்றுக்கிழமை, பிரதமர் கையால். அதன் பிறகு வருடக்கணக்கில் தோப்பூரில் எழும்பியது சுற்றுச்சுவர். 2021 சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க.வின் உதயநிதி ஸ்டாலின் ஒற்றைச் செங்கலைத் தூக்கிக் காட்டி இதுதான் எய்ம்ஸ் என்று ஊர் ஊராகப் போனார். மருத்துவமனையைவிட அதன் செங்கல் அதிக ஊர்களைப் பார்த்தது உலகத்திலேயே உங்களுக்குத்தான் நடந்திருக்கும்.

2022 செப்டம்பரில் மதுரைக்கு வந்த அன்றைய பா.ஜ.க. தேசியத் தலைவர் ஜெ.பி. நட்டா, தங்கள் வேலை 95 சதவீதம் முடிந்துவிட்டது என்று பேசினார். உடனே மதுரை எம்.பி. சு. வெங்கடேசனும் விருதுநகர் எம்.பி. மாணிக்கம் தாகூரும் தோப்பூர் பொட்டலில் போய் நின்று கட்டடத்தைத் தேடினார்கள். கட்டுவதற்கு முந்தைய வேலைகளைத்தான் சொன்னார் என்று பின்னால் விளக்கம் வந்தது. இன்றைக்கு அவரே தங்கள் துறையின் அமைச்சர். அந்தக் கணக்குமுறை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. மகள் போனில், “என்னம்மா, வீடு என்னாச்சு?” என்று கேட்டால், 95 சதவீதம் முடிஞ்சிருச்சு, வீடு மட்டும்தான் பாக்கி என்கிறேன்.

இனி என் உண்மையான புகாருக்கு வருகிறேன். மேலே எழுதியதெல்லாம் ஊர் அறிந்தது.

திருநகர், திருப்பரங்குன்றம் பக்கம் வீடு பார்த்தோம். வாடகை கையைக் கடித்தது. ஏன் இவ்வளவு என்று கேட்டால் வீட்டுக்காரர் தெற்கே கையைக் காட்டினார். “எய்ம்ஸ் வரப்போகுதுல்ல?” திருமங்கலம் பக்கம் போனால் பொட்டல் காட்டில் கல் நட்டு வண்ணக்கொடி கட்டி, எய்ம்ஸ் மிக அருகில் என்று மனை விற்கிறார்கள். நாங்கள் விசாரித்த ஒருவர், எய்ம்ஸுக்கு ஐந்தே நிமிடம் என்றார். அங்கே போய் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். பதில் சொல்லாமல் சதுர அடி விலையைச் சொன்னார்.

ஆக, தாங்கள் தோப்பூரில் இதுவரை ஒரு நோயாளியின் நாடியைக்கூடப் பிடிக்கவில்லை. ஆனால் நிலத்துக்குக் காய்ச்சல் வந்து கொதிக்கிறது. வைத்தியம் பார்க்க வந்த என்னை ஊருக்கு வெளியே தள்ளுவது நோயல்ல, தாங்கள்தான். தங்கள் பெயரால் ஏறிய வாடகையைக் கொடுத்துவிட்டு, தங்களிடம் காட்ட வேண்டிய கையை வேறு ஒரு தனியார் மருத்துவமனையில் காட்டி அதற்கும் தனியாகக் கட்டணம் கட்டுகிறேன். வராத விருந்தாளிக்கு இலை போட்ட செலவை, பந்தியில் உட்கார்ந்தவளிடம் வாங்குவது எந்த ஊர் நியாயம்?

சுமார் 220 ஏக்கர் கைவசம் வைத்திருக்கிறீர்கள். இதே மதுரையில் 1976இல் ஒரு மனிதர் ஒரு வீட்டில் 11 படுக்கை போட்டுக் கண் வைத்தியம் தொடங்கினார். டாக்டர் கோ. வெங்கடசாமி. அரசுப் பணியில் 58 வயதில் ஓய்வு பெற்றவர். அவருக்கும் என்னைப் போலவே முடக்குவாதம், விரல்கள் கோணிப்போனவை. அந்த விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகி லட்சம் அறுவைச் சிகிச்சைக்கு மேல் செய்தார். அரவிந்த் கண் மருத்துவமனை என்றால் இன்று உலகத்துக்குத் தெரியும். அந்த 11 படுக்கைக்குப் பூமி பூஜைக் கூட்டம் ஏதும் நடந்ததாக நான் படித்ததில்லை.

இன்னொன்று. இந்த ஊரில் கட்டுமான வேலை தாமதமானால் என்ன நடக்கும் என்பதற்குப் பழைய முன்னுதாரணம் இருக்கிறது. வைகைக் கரை உடைந்தபோது வந்திக் கிழவியின் பங்குக்கு மண் சுமக்க வந்த கூலியாள், பிட்டைத் தின்றுவிட்டுப் படுத்துத் தூங்கினார். பாண்டியன் பிரம்பால் அடித்தான். அந்தக் கூலியாள் சொக்கநாதரே என்பதும், அடி எல்லோர் முதுகிலும் விழுந்தது என்பதும் பிறகுதான் தெரிந்தது. ஆவணியில் அதற்கு ஊரே திருவிழா எடுக்கிறது. கடவுளுக்கே வேலைநேரத்தில் சலுகை இல்லாத ஊர் இது. உங்கள் விஷயத்தில் ஒரு திருத்தம்: தூங்கியது யாரோ, அடி மட்டும் எல்லோர் முதுகிலும்.

நியாயமாகவும் பேச வேண்டும். 2024 மார்ச்சில் பூமி பூஜை போட்டு வேலை தொடங்கியது, இப்போது நான்குவழிச் சாலையில் போகும்போது கம்பியும் கான்கிரீட்டும் கண்ணில் படுகின்றன. ஓட்டுநர் வேகத்தைக் குறைத்து, “அந்தா பாருங்க டீச்சர்” என்று காட்டினார். பார்த்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. அடுத்த சில நிமிடத்தில் கப்பலூர் டோல்கேட் வந்துவிட்டது. அது எந்த அடிக்கல்லையும் எதிர்பார்க்காமல் இரவும் பகலும் பணியில் இருக்கிறது.

எனவே ஒரு யோசனை. மதுரையில் குடிவருகிற எல்லோரும் 11 மாத ஒப்பந்தம் எழுதுகிறோம். தாங்களும் ஒன்று எழுதிக்கொடுங்கள். முத்திரைத்தாள் செலவு என்னுடையது. 11 மாதத்துக்குள் தோப்பூரில் ஒரு மேசை, ஒரு நாற்காலி, மூட்டுவாதம் பார்க்கத் தெரிந்த ஒரு மருத்துவர், இவ்வளவு போதும். தவறினால், தங்கள் பெயரால் இந்தப் பக்கம் ஏறிய வாடகையை அந்தந்த வாடகைக்காரருக்குத் தாங்களே திருப்பித் தர வேண்டும். சாட்சிக் கையெழுத்துக்கு ஆள் தேட வேண்டாம், பொட்டலில் நின்று பார்த்த இரண்டு எம்.பி.க்கள் இருக்கிறார்கள்.

புறநோயாளிகள் பிரிவு தரைத்தளத்தில் இருக்கட்டும். மாடியில்தான் என்றால் லிஃப்ட் வைத்த பிறகு எனக்குத் தகவல் தெரிவிக்கவும். லிஃப்ட் வேலை 95 சதவீதம் முடிந்துவிட்டது என்ற தகவல் ஏற்றுக்கொள்ளப்பட மாட்டாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை

இணைப்பு: ஆதார் நகல், ஓய்வூதியப் புத்தக நகல், போன மாதத்து ரத்தப் பரிசோதனை அறிக்கை. (வீட்டுக்காரர்கள் கேட்பதால் எல்லாவற்றிலும் உபரி நகல் கைவசம் உண்டு.)