கம்மாய்க்காரர் கடலுக்குப் போகிறார்

கோவில்பட்டியில் தெருவுக்கு ஒருத்தர் இப்படி இருப்பார். மில்லிலோ தீப்பெட்டி ஆபீஸிலோ வேலை. வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இரண்டு. முழுப்பரீட்சை லீவில் ஒரு நாள், எவனோ ஒருத்தன் கடலோரப் பாலத்தில் நின்று பாரை மீனைத் தூக்குகிற வீடியோவைப் பிள்ளைகளோடு செல்போனில் பார்ப்பார். பார்த்துவிட்டுச் சும்மா இருக்கலாம். "இதெல்லாம் ஒரு வேலையா? நாம பிடிக்காத மீனா?" என்று வாயைக் கொடுப்பார். மூத்தவன் சிரித்துக்கொண்டு போய்விடுவான். சின்னவள் விடமாட்டாள். "அப்ப எங்களைக் கூட்டிட்டுப் போங்கப்பா."

அன்றைக்குப் பிடிக்கும் சனி. இவரை அண்ணாச்சி என்றே வைத்துக்கொள்வோம்.

அண்ணாச்சி சொன்னது பொய்யில்லை. ஐப்பசி மழையில் பெருகிய கம்மாய், பங்குனியில் முழங்கால் தண்ணீருக்கு வற்றி, ஊர் கூடி மீன் அழிக்கிற அன்று ஊத்தாவோடு முதல் ஆளாகச் சேற்றில் இறங்கியவர். கெளுத்தி குத்தி வீங்கிய விரலோடு பள்ளிக்கூடம் போனவர். விராலா குறவையா என்று கலங்கல் தண்ணீரில் கையால் தடவியே சொல்லிவிடுவார். ஆனால் அது ஓடி ஒளிய இடமில்லாமல் மாட்டிக்கொண்ட மீன். கடல் மீனோ அவருக்குக் கருவாடாகத்தான் பழக்கம். சாளை, நெத்திலி, சீலா எல்லாம் சந்தையில் சாக்கு விரிப்பின்மேல் விறைத்துக் கிடந்து அறிமுகமானவை. சின்னவள் கேட்டாள்: "கடல்ல பிடிக்கும்போதே உப்பு போட்டுத்தான் இருக்குமாப்பா?" அண்ணாச்சி அரை நிமிஷம் யோசித்தார்.

முதல் சிக்கல், எங்கே போவது? கோவில்பட்டிக்காரருக்குக் கடல் என்றால் திருச்செந்தூர். மொட்டை போட்டுவிட்டு முழுக்குப் போடுகிற கடலில், முருகன் பார்க்கத் தூண்டிலை எடுக்க மனசு வராது. தூத்துக்குடி 60 கிலோமீட்டர்தான். வ.உ.சி. துறைமுகத்தில் கடலுக்குள் நீண்டுபோகிற அலைதடுப்புச் சுவர் இருக்கிறது. ஆனால் வாசலில் மத்தியப் படை நிற்கிறது, பாஸ் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். அப்போதுதான் பேப்பரில் ஒரு செய்தி கண்ணில் பட்டது: தூண்டில் வளைவு கேட்டு அமலிநகர் மீனவர்கள் போராட்டம். "பார்த்தியா, தூண்டில் போட இடம் கேட்டுப் போராடுதாக. நியாயமான கோரிக்கை!" என்றார். கடல் கரையை அரிக்காமல் இருக்கக் கடலுக்குள் வளைத்துக் கொட்டுகிற கல்லுக்கட்டு அது என்று தூத்துக்குடி மச்சினன் போனில் விளக்கினான். வீடும் வள்ளமும் கடலோடு போகிற பாடு அவர்களுக்கு. அண்ணாச்சிக்குக் கொஞ்சம் வெட்கமாகிவிட்டது. இருந்தாலும், "அதுமேல நின்னு தூண்டில் போடலாமுல்லா?" என்று கேட்கத் தவறவில்லை. போடலாம், போடுகிறவர்கள் உண்டு.

அடுத்து மாமியார் ஒரு குண்டைப் போட்டார். "தடைக்காலத்துல மீன் பிடிக்கப் போறீகளே மருமகப்பிள்ளை, போலீஸ் பிடிக்காதா?" கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. அது விசைப்படகுக்கு. கரையில் கம்போடு நிற்கிற ஆளுக்கு இல்லை. இதைத் தெரிந்துகொண்டதும் அண்ணாச்சி இன்னும் ஒரு படி ஏறிவிட்டார். படகெல்லாம் கரையில் கிடக்கிறது, ஆகவே மீனெல்லாம் நிம்மதியாகக் கரைக்கு வந்து இவருக்காகக் காத்திருக்கும். இந்தக் கணக்கில் ஓட்டை எங்கே என்று என்னாலும் சட்டென்று சொல்ல முடியவில்லை. இனப்பெருக்கத்துக்காக விடுகிற காலம் அது. மீன் அந்த வேலையாக இருக்கும்.

கம்பும் ரீலும் ஆன்லைனில் வந்தன. முள் வாங்க மச்சினனிடம் சொன்னார். "20-ம் நம்பர் முள்ளு அனுப்பு மாப்ளே, பெருசாவே இருக்கட்டும்." பொட்டலத்தைப் பிரித்தால், உள்ளே இருந்ததைச் சுறாவுக்குக் காட்டினால் பல் குத்தக்கூடக் காணாது. தூண்டில் முள்ளில் நம்பர் கூடக்கூட முள் சின்னதாகிக்கொண்டே போகும். இதில் விசேஷம், அண்ணாச்சி மில்லில் கோன் வைண்டிங்கில் இருபது வருஷமாக வேலை பார்ப்பவர். 40-ம் நம்பர் நூலைவிட 80-ம் நம்பர் நூல் சன்னம் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். லாயல் மில், லட்சுமி மில் என்று பஞ்சுக்கும் நூலுக்கும் நடுவே வளர்ந்த ஊரில் பிறந்துவிட்டு முள்ளில் ஏமாந்ததுதான் அவருக்குத் தாங்கவில்லை.

முடிச்சிலும் அதேதான். அறுந்த நூலை மில் முடிச்சாகப் போட்டு மறுபடி ஓடவிட அவருக்குக் கண் சிமிட்டுகிற நேரம் போதும். அந்த முடிச்சைத் தங்கூசி நரம்பில் போட்டு, முள்ளைக் கட்டிலில் மாட்டி ஒரு இழுப்பு இழுத்தார். முள் கட்டிலோடு நின்றது, நரம்பு கையோடு வந்தது. பஞ்சு நூல் ஒன்றையொன்று கவ்வும். நைலான் வழுக்கும். மச்சினன் வீடியோ காலில் கற்றுக்கொடுத்தான். நரம்பை முள்ளின் காதில் விட்டு, அதன் மேலேயே ஐந்தாறு சுற்றுச் சுற்றி, காதுக்குப் பக்கத்து முதல் வளையத்தில் நுனியை நுழைத்து, எச்சில் தொட்டு மெதுவாக இழுக்க வேண்டும். எச்சில் தொடாமல் இழுத்தால் உரசுகிற சூட்டில் நரம்பு நைந்துபோகும். இரண்டாம் தடவை கட்டில் நகர்ந்தது. படுத்திருந்த மாமியாரும் நகர்ந்தார்.

இரைக்கு மண்புழு தோண்டப் பிள்ளைகளோடு காட்டுக்குப் போனது தனிக் கூத்து. சித்திரை வெயிலில் கரிசல் பிளந்து கிடக்கிறது. வெடிப்புக்குள் கம்பை விட்டால் முழுசாக உள்ளே போகிறது. இந்த மண்ணில் மண்புழு எங்கே இருக்கும்? கடைசியில் வீட்டுப் புழக்கத் தண்ணீர் பாய்கிற வாழைமூட்டில் நாலைந்து கிடைத்தன. அதைப் பெருமையாகச் சொன்னால் மச்சினன், "உப்புத்தண்ணியில சீக்கிரம் செத்துரும் அத்தான். இறால் வாங்குங்க, இல்லன்னா சாளைத் துண்டு, கணவாய்" என்றான். வீட்டில் விசேஷ நாளுக்குக்கூட இறால் வாங்காத மனிதர். "இறாலைப் போட்டு மீனைப் பிடிக்கிறதுக்கு, இறாலையே திங்கலாமே!" என்றார். கடலைமிட்டாயை முள்ளில் குத்தினால் என்ன என்று ஒரு ராத்திரி யோசித்திருக்கிறார். 2020-ல் புவிசார் குறியீடே வாங்கிய மிட்டாய், மீனுக்குப் பிடிக்காமலா போகும்?

வீசிப் பழக வேண்டாமா? மொட்டை மாடியில் பழகியதில் அடுத்த வீட்டுச் சேலை ஒன்று மாட்டி, அதற்குப் பதில் சேலை எடுத்துக் கொடுத்தாயிற்று. பிறகு ஊர்க் கம்மாய்க்குப் போனார்கள். சொட்டுத் தண்ணீர் இல்லை. வேலிக்கருவைதான் மண்டிக் கிடக்கிறது. கரைமேல் மூன்று பேரும் வரிசையாக நின்று, முள்ளில்லாமல் ஈயக்குண்டை மட்டும் கட்டி, காய்ந்த கம்மாய்க்குள் வீசினார்கள். வீசுவதற்கு முன்னால் பின்பக்கம் ஆள் இருக்கிறதா என்று திரும்பிப் பார்க்கப் பிள்ளைகளைப் பழக்கினார். அது நல்ல பழக்கம், பாராட்டியாக வேண்டும். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் வெகுநேரம் கம்பை ஊன்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "என்னய்யா, மழை வர்றதுக்கு முந்தியே இடம் பிடிக்கீகளா?"

லைஃப் ஜாக்கெட் விஷயத்தில் அண்ணாச்சியின் மனைவிக்கும், அதாவது நம் மதினிக்கும், அவருக்கும் சண்டை. முதுகில் சுரைக்குடுக்கை கட்டி பம்புசெட் கிணற்றில் நீச்சல் படித்தவர் அவர். பிள்ளைகளும் அப்படித்தான் படித்தன. "கிணத்துல அலை அடிக்குமா? கல்லுல பாசி இருக்குமுல்ல?" என்றாள் மதினி. அவள் சொன்னதுதான் சரி. கிணற்றுத் தண்ணீர் ஆளை இழுத்துக்கொண்டு போகாது. இரண்டு ஜாக்கெட் வாங்கினார்கள். வழுக்காத செருப்பும் வாங்கினார்கள்.

மச்சினன் பிள்ளைகளுக்கு வேறு பாடம் எடுத்தான். ஓரா மீன் மாட்டினால் கையால் பிடிக்கக் கூடாது, அதன் முள்ளில் விஷம். குத்திவிட்டால் தாங்குகிற சூட்டில் வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பேத்தை மாட்டினால் வயிற்றை ஊதிக் காட்டும், பார்த்து ரசித்துவிட்டுக் கடலில் விட்டுவிட வேண்டும், எந்தக் காரணத்துக்கும் குழம்புக்குக் கொண்டுவரக் கூடாது. சின்னவளுக்கு இப்போது மற்ற எந்த மீனும் வேண்டாம், பேத்தைதான் வேண்டும். காற்று எப்படி என்று பார்க்க அண்ணாச்சிக்குச் சொந்த வழி இருக்கிறது: கயத்தாறு பக்கம் போகிற வருகிறவர்களிடம் காற்றாலை எப்படிச் சுற்றுகிறது என்று விசாரிப்பார். வேகமாகச் சுற்றினால் பயணம் ஒத்திவைப்பு. வைகாசி பிறந்துவிட்டால் அது எங்கே நிற்கப் போகிறது?

கடைசிச் சண்டை தண்ணீருக்கு. கடலில் போட்ட கம்பையும் ரீலையும் வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவாவிட்டால் துருப்பிடித்துவிடும் என்று மச்சினன் சொல்லியிருந்தான். "குடிக்கிறதுக்கே சீவலப்பேரித் தண்ணி எப்ப வரும்னு குடத்தோட உட்கார்ந்திருக்கோம். கடலுக்குப் போயிட்டு வந்து இரும்பைக் குளிப்பாட்ட நான் எங்க போவேன்?" என்றாள் மதினி. இரண்டு நாள் பேச்சில்லை. பிறகு, துணி அலசிய தண்ணீரில் கழுவிக்கொள்ளலாம், சோப்பு போடுவதற்கு முந்தைய தண்ணீர் என்றால் இன்னும் நல்லது என்று உடன்பாடு ஆனது.

புளியோதரை, வாட்டர் கேன் இரண்டு, கடலைமிட்டாய் ஒரு கிலோ, மீன் கொண்டுவரப் பெரிய வாளி, அது நிரம்பிவிட்டால் இன்னொரு வாளி. எல்லாம் தயார். நாள் மட்டும் இன்னும் குறிக்கவில்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். இந்த லீவில் எட்டயபுரம், குறுக்குச்சாலை வழியாகத் தூத்துக்குடி போகிற முதல் பஸ்ஸில் நீளக் கம்பும் இரண்டு வாளியும் இரண்டு பிள்ளைகளுமாக ஒருத்தர் ஏறினால், கண்டக்டரிடம் சொல்லிக்கொடுக்காமல் கொஞ்சம் நகர்ந்து இடம் விடுங்கள். முள்ளில் தக்கை குத்தியிருக்கிறாரா என்று மட்டும் பார்த்துக்கொண்டு உட்காருங்கள்.